5 அடி ஹெட், நிமிஷத்துக்கு 5 லிட்டர்

கேள்வி: ஐயா, பல்லடம் பக்கத்தில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். என் அண்ணனுக்கு 51 வயது. இதயத் தசை தளர்ந்து இதயம் பெரிதாகிவிட்டது. மாத்திரையில் இனித் தேறாது, மாற்று இதயம் எப்போது கிடைக்கும் என்றும் சொல்ல முடியாது, இடது இதயத்துக்குத் துணையாக எல்விஏடி என்ற பம்பு வைத்துக்கொள்ளலாம் என்று சென்னையில் சொல்கிறார்கள். வைத்தால் கையில் நாடி இருக்காதாம். அதைக் கேட்டதிலிருந்து அண்ணி அழுதுகொண்டே இருக்கிறார். இது புதுச் சரக்கா? எங்கள் ஆளை வைத்துச் சோதனை பண்ணிப் பார்க்கிறார்களா? 25 வருஷமாகப் பம்புதான் என் பிழைப்பு. நிலாவுக்கே ஆள் அனுப்பியவர்களுக்கு, கையளவு பம்பு ஒன்று செய்ய ஏன் இத்தனை காலம் ஆனது என்பதும் புரியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் பதில் சொல்ல வேண்டும்.

பதில் (பெர்ஃபியூஷனிஸ்ட், அதாவது அறுவை சிகிச்சையின்போது இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்குபவர்; இப்போது ஓய்வில்):

தம்பி, உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். நானும் 31 வருஷம் பம்பு ஓட்டிப் பிழைத்தவன்தான். உங்களுடையதில் தண்ணீர், என்னுடையதில் ரத்தம்.

உங்கள் கடைக்கு ஒருவர் வந்து, நிமிஷத்துக்கு 5 லிட்டர் வேண்டும், ஹெட் (தண்ணீரை ஏற்றும் உயரம்) 5 அடிக்குக் கொஞ்சம் கூட இருந்தால் போதும் என்று கேட்டால் சிரித்துவிடுவீர்கள். மீன் தொட்டிக்கா என்பீர்கள். ஓய்வாக உட்கார்ந்திருக்கும் மனிதனின் இடது இதயம் செய்கிற வேலை அவ்வளவுதான். 120 மில்லிமீட்டர் பாதரசம் என்று நாங்கள் சொல்கிற பிரஷரைத் தண்ணீர்க் கணக்குக்கு மாற்றினால் 1.6 மீட்டர். சக்தி என்று பார்த்தால் ஒரு வாட்டுக்குச் சற்று மேலே. ஒரு ஹெச்பி மோட்டாரைக் கொண்டு ஐந்நூறுக்கு மேற்பட்ட இதயங்களின் வேலையை வாங்கலாம், கணக்குப்படி.

அதனால் சிக்கல் பம்பில் இருக்கவில்லை. அதில் ஓடுகிற சரக்கில் இருந்தது. தண்ணீரை எவ்வளவு அடித்தாலும் தண்ணீர்தான். ரத்தம் அப்படி இல்லை. எங்காவது மூலையில் தேங்கினால் உறையும். உடம்புக்குச் சொந்தமில்லாத பொருளைத் தொட்டாலே உறையத் தொடங்கும். அந்தக் கட்டி நகர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். சரி, தேங்காமல் வேகமாக அடிப்போம் என்றால் சிவப்பணுக்கள் உடையும், உடைந்த சாயம் சிறுநீரகத்தை அடைக்கும். இதற்கு மேல், பம்பை நிறுத்திக் கழற்றி, கசிவை அடைக்கும் கிளாண்டை மாற்ற முடியாது. ஒரு நாளைக்கு ஒரு லட்சம் துடிப்பு, லீவு இல்லாமல். இப்படி ஓர் ஆர்டர் வந்தால் நீங்களும் யோசிப்பீர்கள்.

முதலில் ஜெயித்தவர்களில் ஒரு கார் கம்பெனியும் உண்டு என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்து சர்ஜன் ஃபாரஸ்ட் டாட்ரில். அவருக்காக ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சினியர்கள் ஒரு பம்பு கட்டிக்கொடுத்தார்கள். பக்கத்துக்கு ஆறாகப் பன்னிரண்டு சிலிண்டர்; பார்க்க வி-12 எஞ்சின் மாதிரியே இருக்கும். 1952 ஜூலை 3 அன்று 41 வயதுக்காரர் ஒருவருக்கு இதயத்தின் இடது பக்கத்து மைட்ரல் வால்வில் வேலை நடந்தபோது, இடது இதயத்தின் வேலையை அந்த இயந்திரம் 50 நிமிஷம் பார்த்தது. ஆள் பிழைத்து அதன்பிறகு பல வருஷம் இருந்தார். மறுவருஷம் மே மாதம் ஃபிலடெல்ஃபியாவில் ஜான் கிப்பன், நுரையீரல் வேலையையும் சேர்த்துச் செய்கிற இயந்திரத்தில் ஓர் இளம்பெண்ணுக்கு இதய ஓட்டையை அடைத்தார். என் பிழைப்புக்கு அதுதான் பிள்ளையார் சுழி. குழாயை உருளைகள் நசுக்கிக்கொண்டே சுற்றி ரத்தத்தைத் தள்ளும் பம்பு அதில் இருந்தது. மைக்கேல் டிபேக்கி என்பவர் 1930களில் மாணவராக இருந்தபோதே, ரத்தம் ஏற்றுவதற்காகச் சீர்செய்து வைத்திருந்த வடிவம் அது. இன்றும் பல ஆபரேஷன் தியேட்டர்களில் அதன் வாரிசுதான் சுற்றுகிறது. அவர் பெயரை நினைவில் வையுங்கள், திரும்ப வருவார்.

இதெல்லாம் ஆபரேஷன் நடக்கும் சில மணி நேரத்துக்கு. உங்கள் அண்ணனுக்குச் சொல்லியிருக்கும் பம்பு வேறு வம்சம். அது பிறந்தது எங்கள் தொழிலின் மிக மோசமான ஒரு நிமிஷத்தில். ஆபரேஷன் முடிந்துவிடும். நான் இயந்திரத்தின் ஓட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பேன், இதயம் பொறுப்பை வாங்கிக்கொள்ள வேண்டும். சில நாள் வாங்காது. மானிட்டரில் பிரஷர் சரியும். சர்ஜன் தலையைத் தூக்காமல் "ஏத்துங்க" என்பார், மறுபடி ஓட்டத்தைக் கூட்டுவேன். இன்னும் அரை மணி. மறுபடி குறைப்பு. மறுபடி சரிவு. மூன்றாவது முறையில் தியேட்டரில் யாரும் யாரையும் பார்க்க மாட்டோம். இயந்திரத்தில் மணிக்கணக்காக வைத்திருந்தால் ரத்தம் கெட்டுவிடும். இறக்கினால் ஆள் போய்விடுவார். அந்த இதயத்துக்கு நாலு நாள் ஓய்வு கிடைத்தால் எழுந்துவிடும் என்று எல்லோருக்கும் தோன்றும், ஆனால் அந்த நாலு நாளை யார் தருவது?

அதைத் தர முயன்ற முதல் பம்பு 1963 ஜூலையில் ஹூஸ்டனில் வைக்கப்பட்டது. அர்ஜென்டினாவிலிருந்து வந்த டொமிங்கோ லியோட்டா செய்தது. சர்ஜன் ஸ்டான்லி கிராஃபோர்டும் அவரும் சேர்ந்து பொருத்தினார்கள். வால்வு ஆபரேஷனுக்கு மறுநாள் இதயம் நின்று, திரும்பத் துடிக்கவைக்கப்பட்ட நோயாளி. காற்றழுத்தத்தில் சுருங்கி விரியும் குழாய், இரண்டு பக்கமும் வால்வு. உங்கள் கண்ணில் அது டயாஃப்ரம் பம்பு, அவ்வளவுதான். நாலு நாள் பம்பு ஒழுங்காக ஓடியது. ஆனால் இதயம் நின்ற அந்த நேரத்திலேயே மூளை போய்விட்டது. பம்பு ஜெயித்து நோயாளி தோற்ற கதை.

1966இல் நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியில் ஏட்ரியன் கான்ட்ரோவிட்ஸ் இன்னொரு வகையை நிரந்தரமாகவே உள்ளே வைத்துப் பார்த்தார். பிப்ரவரியில் வைத்தவர் ஒரு நாள் இருந்தார். மே மாதம் வைத்த அம்மாள் கிட்டத்தட்ட இரண்டு வாரம் இருந்து பக்கவாதத்தில் போனார். ரத்தக்கட்டிதான். அதே வருஷம் ஆகஸ்டில் டிபேக்கியின் முறை. மெக்சிகோவைச் சேர்ந்த 37 வயதுப் பெண், இரண்டு வால்வு மாற்றியும் இதயம் இயந்திரத்தைவிட்டு இறங்க மறுக்கிறது. பம்பு நெஞ்சுக்கு வெளியே, உடம்பை ஒட்டி இருந்தது. பத்து நாள் ஓடியது. பத்தாம் நாள் கழற்றினார்கள், இதயம் நின்று பிடித்தது. அவர் நடந்து வீட்டுக்குப் போனார். பல வருஷம் நன்றாக வாழ்ந்து ஒரு கார் விபத்தில்தான் இறந்தார்.

எங்கள் வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லிக்கொடுத்தபோது நான் கவனித்தது ஒன்று உண்டு. 1963, 1966 பிப்ரவரி, 1966 ஆகஸ்ட் மூன்றிலும் பம்பு ஏறக்குறைய ஒரே தத்துவம்தான். பிழைத்தவருக்கு மூளையும் சிறுநீரகமும் கெடுவதற்கு முன்பே வைத்தார்கள். உங்கள் அண்ணன் விஷயத்தில் டாக்டர்கள் அவசரப்படுவதாகத் தோன்றினால் காரணம் அதுவாக இருக்கலாம். ஆள் படுத்தபின் வைக்கும் பம்பும், நடந்து வரும்போது வைக்கும் பம்பும் ஒன்றில்லை.

கான்ட்ரோவிட்ஸைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல ஆசை. ஏட்ரியனும் அண்ணன் ஆர்தரும் சிறுவயதில் பழைய ரேடியோ பாகங்களை வைத்து இசிஜி கருவி செய்தவர்கள். வளர்ந்து ஒருவர் சர்ஜன், ஒருவர் பௌதிக விஞ்ஞானி. 1950களிலேயே இருவரும் ஒரு விஷயத்தைப் பிடித்தார்கள். இதயத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் போவது அது சுருங்கும்போது இல்லை, தளரும்போது. அந்தத் தளர்வு நேரத்தில் வெளியிலிருந்து பிரஷரை ஏற்றிக்கொடுத்தால்? இதயத்துக்கும் தீனி, அடுத்த அடிக்கும் சுமை குறைவு. கிளீவ்லாந்தில் வில்லெம் கால்ஃபின் ஆய்வுக்கூடத்தில் மௌலோபௌலோஸ் என்ற கிரேக்க டாக்டர், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனிக்குள் ஒரு பலூனை நுழைத்து இதைச் செய்யலாம் என்று 1962இல் காட்டினார். (கால்ஃப் சாதாரண ஆள் இல்லை. இரண்டாம் உலகப்போரின்போது நெதர்லாந்தில், தொத்திறைச்சி அடைக்கும் உறையைச் சுற்றி முதல் டயாலிசிஸ் இயந்திரத்தைக் கட்டியவர்.) 1967இல் ஏட்ரியன் அந்தப் பலூனை ஒரு நோயாளிக்கு வைத்தார், அந்த நோயாளி பிழைத்தார். தொடையிலிருந்து ஏற்றுகிற நீளமான பலூன், ஹீலியம் வாயு, இசிஜி பார்த்து ஊதி இறக்கும் பெட்டி. ஹீலியம் ஏனென்றால் லேசானது, மெல்லிய குழாயில் சட்டென்று போய் வரும்.

அந்தப் பெட்டியோடு நான் கழித்த ராத்திரிகளுக்குக் கணக்கில்லை. ஒரு தடவை விடிகாலை மூன்று மணிக்கு ஹீலியம் சிலிண்டர் தீர்ந்து, ஸ்பேர் சிலிண்டர் இருந்த அறைக்குச் சாவி வைத்திருந்தவர் வீட்டுக்குப் போய்விட்டார். எந்த ஆஸ்பத்திரி என்பதை விடுங்கள். பூட்டை உடைத்தோம். மறுநாள் மெமோ வந்தது, நோயாளி பிழைத்தார்.

இதற்கிடையில் முழு இதயத்தையே எடுத்துவிட்டுச் செயற்கை இதயம் வைக்கும் போட்டியும் நடந்தது. 1969 ஏப்ரலில் ஹூஸ்டனில் டென்டன் கூலி என்ற சர்ஜன் வைத்தார், 64 மணி நேரம் ஓடியது. அது தன் ஆய்வுக்கூடத்துச் சரக்கு என்று டிபேக்கி கோபித்துக்கொண்டு, இருவரும் கிட்டத்தட்ட நாற்பது வருஷம் பேசிக்கொள்ளவில்லை. பங்காளிச் சண்டை எல்லா ஊரிலும் உண்டு. அதே காலத்தில் புளூட்டோனியத்தின் சூட்டில் ஓடும் இதயம் செய்யவும் அமெரிக்க அரசு பணம் கொடுத்தது. நல்லவேளை, அது கடைக்கு வரவில்லை.

பலன் தந்தது துணைப் பம்புதான். அதில் எனக்கு மிகவும் பிடித்தது ஹார்ட்மேட் என்ற பம்பின் உள்பக்கம். ரத்தம் ஒட்டக் கூடாதென்று எல்லோரும் உள்பரப்பைக் கண்ணாடி மாதிரி வழவழப்பாக்கிக்கொண்டிருந்தார்கள். இந்தக் கோஷ்டி நேரெதிராகப் போனது. டைட்டானியப் பக்கத்தில் பொடி உருண்டைகளை ஒட்டி, டயாஃப்ரம் பக்கத்தில் நாரை எழுப்பி, வேண்டுமென்றே சொரசொரப்பாக்கினார்கள். ரத்தம் அதில் மெல்லிய படலமாக ஒட்டி, உடம்பே அதன்மேல் ஓர் உள்தோல் வளர்த்துக்கொண்டது. அதன் பிறகு வருகிற ரத்தம் தொடுவது தன் சொந்தத் தோலை. உங்கள் தொழிலில் பாசி பிடித்தால் சுரண்டுவீர்கள். இங்கே பிடிக்கவிட்டார்கள். 1986இல் ஹூஸ்டனில் பட் ஃப்ரேசியர் என்ற சர்ஜன் இதை நோயாளிகளுக்கு வைக்கத் தொடங்கினார். மாற்று இதயம் கிடைக்கும்வரை தாக்காட்டும் பம்பாக 1994இல் அமெரிக்க அரசின் அனுமதி வந்தது.

மாற்று இதயமே வைக்க முடியாதவர்களுக்கு? 129 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப்பேருக்குப் பம்பும் மீதிப்பேருக்கு மருந்தும் கொடுத்துப் பார்த்தார்கள். 2001இல் முடிவு வந்தது. ஒரு வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் பம்பில் நூற்றுக்கு 52, மருந்தில் 25. இரண்டாம் வருஷம் 23, 8. இரட்டிப்புக்கு மேல் என்று கொண்டாடலாம். ஆனால் 23 என்பது கொண்டாடும் எண்ணிக்கையா? ஒரு கிலோவுக்கு மேல் எடை, வயிற்றுப்பக்கம் ஒரு பொதி, சத்தம் வேறு. வால்வு தேயும், பேரிங் தேயும். ஒரு நாளைக்கு ஒரு லட்சம் துடிப்பு என்றால் எந்த பேரிங்தான் தாங்கும்?

இனி உங்கள் அண்ணியின் கேள்விக்கு வருகிறேன். உங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைப்பார்கள். மாடு முன்னே போனால் சால் மேலே வந்து கொட்டும், பின்னே வந்தால் கீழே இறங்கி மொள்ளும். வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிட்டுத்தான் வரும். இதயமும் அப்படி, நான் இதுவரை சொன்ன பம்புகளும் அப்படி. அப்புறம் சென்ட்ரிஃபியூகல் மோட்டார் வந்தது, தண்ணீர் ஒரே சீராக விழுந்தது, அதற்காகப் பயிர் கோபித்துக்கொள்ளவில்லை. இதய விஷயத்தில் மட்டும், இயற்கை துடிக்கிறதே, நாமும் துடிக்கத்தானே வைக்க வேண்டும் என்று பல ஆண்டு பிடிவாதமாக இருந்தார்கள்.

அதை உடைத்தவர்களில் டாக்டர் ரிச்சர்ட் வாம்ப்ளர் ஒருவர். 1976இல் எகிப்தில் ஒரு கிராமத்தில், குழாய்க்குள் திருகு சுற்றித் தண்ணீரை மேலேற்றும் ஆர்க்கிமிடிஸ் கருவியை விவசாயிகள் கையால் சுற்றுவதைப் பார்த்தார். இதையே பென்சில் கனத்துக்குச் சிறிதாக்கித் தொடை வழியாக இதயத்துக்குள் விட்டால் என்ன என்று தோன்றியது. நிமிஷத்துக்கு 25,000 சுற்று. ரத்தம் சட்னியாகிவிடும் என்று கெட்டிக்காரர்கள் எல்லாம் சொன்னார்கள். ஆகவில்லை. அணுக்கள் அந்தத் திருகைக் கடக்கும் நேரம் அவ்வளவு குறைவு, உடையக்கூட நேரமில்லை. 1988இல் ஃப்ரேசியர் கையால் அது முதல் நோயாளிக்குப் போனது. துடிப்பு அவசியமில்லை என்று தெரிந்ததும் வால்வு வேண்டாம், டயாஃப்ரம் வேண்டாம், காற்றுக்குழாய் வேண்டாம். சுற்றுகிற பாகம் ஒன்றே ஒன்று. பம்பு கைக்குள் அடங்கியது.

நம் ஊரில் நாடி விழுந்துவிட்டது என்றால் ஆள் முடிந்தார் என்று பொருள். அண்ணி அழுவது அதனால்தான், அதில் தப்பே இல்லை. அவரிடம் சொல்லுங்கள்: அண்ணனுடைய சொந்த இதயம் உள்ளேயே இருக்கும், அதுவும் தன்னால் ஆனதை அடித்துக்கொண்டிருக்கும். பம்பு அதன் அடிமுனையில் ரத்தத்தை வாங்கி மகாதமனியில் சேர்க்கும். ஓட்டம் சீராக இருப்பதால் மணிக்கட்டில் தட்டுவது தெரியாது, அல்லது மெல்லத் தெரியும். கை சூடாக இருக்கும், முகம் தெளியும், படி ஏறுவார். சாதாரணக் கருவியில் பிரஷர் சரியாகப் பிடிபடாது, ஒலியலையால் ரத்த ஓட்டத்தைக் கண்டுபிடிக்கும் டாப்ளர் கருவி வைத்துப் பார்ப்பார்கள். இதை உங்கள் ஊர் டாக்டருக்கும் பக்கத்து ஆஸ்பத்திரிக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், இல்லையென்றால் நாடி பார்த்து அவர்களும் பயந்துவிடுவார்கள்.

புதுச் சரக்கா என்றால், இல்லை. இப்போது அதிகம் வைக்கும் ஹார்ட்மேட் 3 பம்பில் பேரிங்கே கிடையாது. ரோட்டர் காந்தப்புலத்தில் எதையும் தொடாமல் மிதந்து சுற்றுகிறது. தேய எதுவுமில்லை, ரத்தம் நசுங்க இடுக்குமில்லை. இரண்டு விநாடிக்கு ஒருமுறை தானே வேகத்தைக் குறைத்துக் கூட்டி, உள்ளே தேங்காமல் அலசிக்கொள்ளும். அதை வைத்துக்கொண்டவர்களில் ஐந்து வருஷம் கழித்து நூற்றுக்கு 58 பேர் உயிரோடு இருந்தார்கள் என்று 2022இல் வந்த பெரிய ஆய்வு சொல்கிறது. இதை 2001இன் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மீதி 42ஐயும் மறக்க வேண்டாம். இது விளையாட்டு வைத்தியம் இல்லை. பக்கவாதம், குடலில் ரத்தக்கசிவு, பம்புக்குக் கரண்ட் கொண்டுபோகும் வயர் வயிற்றில் வெளிவரும் இடத்தில் சீழ், இந்த மூன்றும் இன்னும் ஒழியவில்லை.

வெள்ளிக்கிழமை டாக்டரிடம் முதலில் வலது இதயத்தைப் பற்றிக் கேளுங்கள். வலது பக்கம் நுரையீரலுக்கு அனுப்ப, அங்கிருந்து வருவதை இடது பக்கம் உடம்புக்கு அனுப்புகிறது. வரிசையில் இரண்டு மோட்டார். இரண்டாவதை மட்டும் புதிதாக்கி முதலாவது படுத்திருந்தால் உறிஞ்சத் தண்ணீர் வராது, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம், இதே பம்பை அங்கே எத்தனை பேருக்கு வைத்திருக்கிறார்கள், அவர்களில் ஒருவரைப் பார்த்துப் பேச முடியுமா என்று கேளுங்கள். பேசிய பிறகு அண்ணி முடிவு சொல்லட்டும், நீங்கள் சொல்ல வேண்டாம். செலவு பல பத்து லட்சம் போகும். பம்போடு நிற்காது, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, மாதாமாதம் பரிசோதனை, வயர் புண்ணுக்குத் தினமும் கட்டு. மொத்தத்தையும் எழுதி வாங்குங்கள், நிலத்தை விற்கிற யோசனை இருந்தால் அதன் பிறகு.

உங்கள் கைக்கும் வேலை இருக்கிறது. பகலில் பேட்டரி, ராத்திரி தூங்கும்போது கரண்ட். அண்ணன் வீட்டு எர்த்தை நீங்களே சோதித்துப் பாருங்கள், படுக்கை அறைக்குத் தனி லைன் இழுங்கள், இன்வெர்ட்டர் போடுங்கள். ஆனால் பம்பை ஓட்டும் வெளிப்பெட்டியான கன்ட்ரோலரைத் திறந்து பார்க்கும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள், தொழில்காரர்களுக்கு அது வரும். மாற்றுக் கன்ட்ரோலர் எப்போதும் கூடவே இருக்க வேண்டும், பக்கத்துத் தெருவுக்குப் போனாலும். எம்ஆர்ஐ எடுக்கக் கூடாது.

இன்னொன்று. வயிற்றில் வயர் இருக்கும்வரை தண்ணீரில் இறங்கக் கூடாது. புண் ஆறிய பிறகு, கன்ட்ரோலரும் பேட்டரியும் இருக்கும் பையை மூடிக்கட்டி ஷவரில் குளிக்கலாம், அவ்வளவுதான். உங்கள் பக்கத்து ஆட்கள் கிணற்றில் குதித்தே வளர்ந்தவர்கள். அண்ணனிடம் இதை ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.